குசலம் கேட்க வந்தவளுக்கு ஒரு காபி

குசலம். எல்லாம் குசலம்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் பாருங்கள், அவ்வளவு குசலம். உள்ளே வாருங்கள். செருப்பை வாசலிலேயே விடலாம், இந்தத் தெருவில் இப்போது யாரும் செருப்பு திருடுவதில்லை, ஆளுக்கு ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார்கள். வார் நன்றாகப் பதிந்திருக்கிறதே காலில். இந்த வெயிலில் நடந்தேவா வந்தீர்கள்? குசல வாரம் என்று வீடு வீடாக அனுப்புகிற அரசாங்கம் உங்களுக்கு ஒரு வண்டி கொடுக்கக் கூடாதா? இல்லையில்லை, இது குறை இல்லை. சும்மா ஒரு கேள்வி.

அந்த நாற்காலி வேண்டாம், இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்கள், காற்று வரும். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. எப்போதும் திறந்துதான் இருக்கும், நீங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எதிரே தன் கடை வாசலில் பேப்பர் படிக்கிறாரே, இன்னாசி, அவரைக்கூடக் கேட்கலாம். தெருவுக்கு அவர்தான் குசலத் தலைவர். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் இந்த வீட்டில் தும்மினால் அவருக்குக் கேட்கும். நல்ல மனிதர்.

கொஞ்சம் இருங்கள், காபி கொண்டுவருகிறேன். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை, தெரியும். வீட்டார் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. போன வருடம் வந்த பெண்ணும் இப்படித்தான் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டால்கூட எட்டிப் பார்த்துவிடலாம், என்ன எழுதினாள் என்று. சிரித்தபடியே கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை என்ன செய்வது?

இதோ. கோப்பையும் சாஸருமாகக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் கான்வென்ட்டில் மதர் யூஜினி சொல்லிக் கொடுத்தது. விருந்தாளிக்கு டம்ளரில் கொடுத்தால் புறங்கையில் ஸ்கேல் விழும். பேசும்போது கையை ஆட்டக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, சாப்பாட்டில் குறை சொல்லக் கூடாது. மூன்றாவதை மட்டும் இந்த நாடு முழுக்க இப்போது கடைப்பிடிக்கிறது. மதர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

குடியுங்கள். ஆறிவிடும்.

சரி, ஆறட்டும். அவசரமில்லை.

நான் நன்றி கெட்டவள் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, இந்த வசதிக் காலம், இது வருவதற்கு முன்னால் நம் நித்திலம் எப்படி இருந்தது என்று உங்கள் வயசுக்குத் தெரியாது. பெயர்தான் முத்து. உலகப் படத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் நாடே மறைந்துபோகும். கல்யாணமான புதிதில் நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ரொட்டி வரிசையில் நின்றிருக்கிறேன். ஏன் பட்டு என்றால், மற்றதெல்லாம் கிழிந்துபோயிருந்தது. என் மகன் எட்வின் பால் குடிக்கும் பிள்ளையாக இருந்தபோது அரிசி வடித்த கஞ்சியைப் பால் என்று சொல்லிக் கொடுத்தேன். அவனும் நம்பினான். அதனால்தான் இன்றைக்கும் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறான்.

இப்போது பாருங்கள். மீன்காரி ரெஜினாள் ஏசி வண்டியில் வருகிறாள். கண்ணாடியை இறக்கி, "அக்கா, சால்மன் மீன் வேணுமா, வெளிநாட்டுச் சரக்கு" என்கிறாள். நம் கடல் மீன் எங்கே போயிற்று என்று நான் கேட்பதில்லை. கடலைத்தான் மண் போட்டு நிரப்பிவிட்டோமே. அந்த மண்மேல்தானே புதுக்கரை நிற்கிறது, கோபுரம் கோபுரமாக. அங்கே ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள், பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஆடும், பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவிலிருந்து எல்லாரும் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிள்ளைகள் அதில் குதித்து விளையாடின. ஒரு குழந்தை கையில் ஏந்திக் குடித்தது. "நல்லா இருக்கும்மா" என்று அதன் அம்மாவிடம் சொன்னது. அந்த அம்மா அதன் முதுகில் ஒன்று வைத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கா அடி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? புதுக்கரை. அங்கே மண் நிரப்புகிற கம்பெனியில்தான் என் மகன் இன்ஜினியர். ஜன்னல் ஓரத்தில் மேசை. கடல் தெரியும் என்பான். அதாவது, மிச்சமிருக்கிற கடல்.

என் வீட்டுக்காரரா? உள்ளே படுத்திருக்கிறார். எழுப்பட்டுமா? வேண்டாம், தூங்கட்டும். பகல் தூக்கம் பழக்கமில்லாத மனிதர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், அந்த உயரத்தில் ஏறி இறங்கின கால். இப்போது கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கொஞ்சம் என்றால், விரலை வைத்து அமுக்கினால் குழி விழுகிறது. விழுந்த குழி, நான் அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. மாவில் விரல் வைத்த மாதிரி. முகத்திலும் காலையில் வீக்கம். கண்ணாடி பார்த்து, "எமல்டா, நான் பணக்காரன் ஆயிட்டேன் பாரு, கன்னமெல்லாம் வச்சிருக்கு" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது குறையில்லை. வயசான உடம்பு. யாருக்கு வீங்கவில்லை?

போன தவக்காலத்தில் ஆரம்பித்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல ஆஸ்பத்திரி, வாசலில் பூந்தொட்டி, தரையில் முகம் பார்க்கலாம். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், "உப்பை நிறுத்துங்கம்மா, சிறுநீரகம் தாங்காது" என்றார். நிறுத்தினேன். சாதாரணமாக நிறுத்தவில்லை. ஊறுகாயை ரெஜினாளுக்குத் தூக்கிக் கொடுத்தேன். கருவாட்டை நாய்க்குப் போட்டேன். உப்புச் சாடியைக் கொண்டுபோய்ப் பீரோவில், என் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். அடுத்த மாதம் போனால், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார். "நீங்க உப்பைக் குறைக்கலை." குறைக்கவில்லையாம். நான். கான்வென்ட்டில் சமையல் கலையில் பரிசு வாங்கினவள். "டாக்டர், என் வீட்டுச் சாம்பாரை நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டால் அழுதுவிடுவீர்கள், அவ்வளவு சப்பென்று இருக்கும்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. தலை குனிந்து மருந்தை எழுதினார். அப்போதுதான் பார்த்தேன், அவர் மேசைக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், துண்டு போட்டு மூடி வைத்திருந்தது.

குடிக்கவே இல்லையே நீங்கள். ஒரு வாயாவது.

சரி சரி.

வீட்டில் நானும் இவரும் மருமகளும்தான் பகலில். அப்படியென்றால் உப்புப் போடுவது யார்? நீங்களே சொல்லுங்கள். மருமகள் பெயர் வினோலியா. நல்ல குடும்பத்துப் பெண், கை மட்டும் கொஞ்சம் தாராளம். எண்ணெயானாலும் சரி, புளியானாலும் சரி, அள்ளித்தான் போடுவாள். அவளைக் கேட்டேன். "மாமாவுக்கு உப்பில்லாமல் இறங்காது என்று பாவம் பார்த்துப் போடுகிறாயா?" இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். அழுதாள். அழுகிறவளைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், அது என் சுபாவம், மதர் யூஜினியாலேயே திருத்த முடியவில்லை. ஒரு நாள் சோறு வடிக்கும்போது அவள் திரும்பி, "அத்தை, சத்தியமா நான் போடலை. தண்ணியே..." என்றாள்.

நான் கையிலிருந்த கரண்டியால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் திறந்திருந்தது. இன்னாசி கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உப்பைக் கொட்டிவிட்டு வேறெதன் மேலோ பழி போடுகிறாயா, வெட்கமில்லை?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். இன்னாசி பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அப்பாடா என்றிருந்தது.

அதை அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டாமா? ஒரு வீட்டுக்கு வாழ வந்தவளுக்கு அந்த அளவு சூட்சுமம் வேண்டாமா? பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், வயிற்றில் பிள்ளையோடு. ரோஷம். நான் அடுப்படியில் இன்னும் அவள் ஏப்ரனை மாட்டித்தான் வைத்திருக்கிறேன். வந்து கேட்டால் கொடுப்பேன். நானாகப் போய்க் கூப்பிடமாட்டேன். என்ன தப்புச் செய்தேன், கூப்பிட?

அவள் போன பிறகு பருப்பு வேகவில்லை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் போட்ட துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் கல்லாட்டம் இருந்தது. நேரே இன்னாசியிடம் போய், "என்ன இது, பழைய சரக்கை என் தலையில் கட்டுகிறீரா?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராத மனிதர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் நடுக்கமாக இருக்கிறது. "தெருவுல எல்லாருக்கும் இதே பருப்புதான் அக்கா. மத்தவங்க வீட்ல வேகுதே" என்றார், சிரித்துக்கொண்டு. வீட்டுக்குத் திரும்பி நடந்து வருகிறேன், தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் குக்கர் விசில். ஒரு வீட்டில் அடித்து ஓய்ந்தால் அடுத்த வீட்டில். ஓய்ந்த வீட்டில் திரும்பவும். ஒரு பருப்புக்கு எதற்கு அத்தனை விசில்? எவள் வீட்டிலும் வேகவில்லை. எவளும் வெளியே வந்து சொல்லவில்லை. நான் நடுத்தெருவில் நின்றுகொண்டு கேட்டேன். ரொட்டி வரிசையில் நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுத் திட்டினோம். அது ஒரு தெம்பு.

அதுவரை பார்க்காத மாதிரி இருந்த கண் அப்புறம் திறந்துவிட்டது, எல்லாம் தெரிய ஆரம்பித்தது. சோப்பு நுரைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் வெள்ளைப் படலம். கறிவேப்பிலைச் செடி ஓரமெல்லாம் கருகி நின்றது. இவருக்குப் பிடித்த காபி, அதை மட்டும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் குடிக்கப் போகிறீர்கள், உங்களுக்கு நாக்கு இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பாட்டில் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். வாங்கினேன். இந்தத் தெருவில் எல்லாரும் வாங்கினோம். மீன் பைக்கு அடியில் வைத்து, தலையணை உறையில் போட்டு, ஒருத்தி குழந்தை வண்டியில் குழந்தைக்குப் பதில் பாட்டிலைப் படுக்கவைத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். நான் குனிந்து கொஞ்சப் போய் வெட்கப்பட்டுத் திரும்பினேன். கேட்டால், விருந்தாளி வருகிறார்கள் என்போம். எல்லார் வீட்டுக்கும் விருந்தாளி. அப்புறம் ஒரு நாள் இன்னாசி, "என்ன அக்கா, வீட்ல கிணறு இருக்குறப்ப இவ்வளவு தண்ணி? ஏதாவது குறையா?" என்றார். அந்த வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த வாரமே ஒரு நாள் எட்வின் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, என் மேசையை ஜன்னல் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டாங்க" என்றான்.

"எங்கே போட்டார்கள்?"

"கதவுகிட்ட."

"ஏன் என்று கேட்டாயா?"

"கேட்டேன். காத்து நல்லா வரும்னு சொன்னாங்க." அப்புறம் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க கடையில ஏதாவது சொன்னீங்களாம்மா?"

வெளியே இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. மேசையை நகர்த்தினால் என்ன என்பார்கள். கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டால் அடுத்தது கதவுக்கு வெளியேதானே? அதற்குப் பிறகு நான் பாட்டில் வாங்கவில்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். மழை நின்றுவிட்டது.

பெர்னதெத் டீச்சரைச் சொல்லவேண்டும். பக்கத்து வீடு. அதோ வேலிக்கு அப்பால் கதவில்லாமல் நிற்கிறதே, அதுதான். என்னோடு கான்வென்ட்டில் படித்தவள், அங்கேயே டீச்சராகி ஓய்வு பெற்றாள். மனசில் பட்டதை அப்படியே பேசுகிறவள். தொலைபேசியில் கூப்பிட்டால் வைக்கமாட்டாள், அடுப்பில் ஏதாவது கருகினால்தான் விடுதலை. போன வருடம் குசல வாரத்தில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெண் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். "எல்லாம் குசலமா?" என்றாள். நாங்களெல்லாம் ஆமாம் குசலம் என்று பதில் சொல்லி இனிப்புக் கொடுத்து அனுப்புகிறவர்கள். இவள், "குசலம் இல்லை. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. கடலை நிரப்புகிறேன் என்று மண்ணை அள்ளி அள்ளி ஊருக்கு அடியில் கடலைக் கொண்டுவந்துவிட்டீர்கள். இது என் குறை" என்று சொல்லிவிட்டாள். நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் லாரி வந்தது. மிரட்டுகிற லாரி இல்லை. முன்னால் மாலை கட்டியிருந்தது. குறையுள்ள வீட்டில் ஒரு குடிமகள் இருக்கக் கூடாதாம், மேலான வீடு கொடுக்கிறார்களாம், குருசுமேட்டில், அடுக்குமாடியில். டீச்சர் கழுத்திலும் அவள் புருஷன் கழுத்திலும் மாலை போட்டார்கள். இன்னாசி கை தட்டினார். நாங்களும் தட்டினோம். சாமான் ஏற்றினவர்கள் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்டார்கள், ஒரு கோப்பை உடையவில்லை. போகும்போது கதவையும் ஜன்னலையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவள் மகனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. அவனையும் மேலான வேலைக்கு எங்கேயோ அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று அவளுக்கே தெரியாது.

அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "டீச்சர், எப்படியிருக்கிறாய்?" என்றேன். "குசலம்" என்றாள். "வீடு எப்படி?" "குசலம்." "ஏ பெர்னா, நான் எமல்டா பேசுகிறேன்." "தெரியும். குசலம்." வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் கருகவில்லை.

ஒரு தடவை கோயிலுக்கு வந்தாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. காலில் என்ன தெரியுமா? ஆம்பளை ரப்பர் செருப்பு. பெரிசு, தொளதொளவென்று. பூசைக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிறவள் அவள். மேட்டுக்குப் போனதும் மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று, வசதி வந்தால் இப்படித்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் அவளிடம் பேசவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், அவளைப் பார்த்துப் பொறாமைப்படாத நாள் இல்லை. ஏன் என்றால் குருசுமேட்டில் கிணறு கிடையாது. மலை அணையிலிருந்து குழாயில் வருகிறது. இனிப்புத் தண்ணீர். டீச்சர் புருஷனுக்கும் கால் வீக்கம் இருந்தது, இந்நேரம் வடிந்திருக்கும். நான் படுத்தால் இதைத்தான் நினைக்கிறேன். வாயைத் திறந்து குறை என்று ஒரு சொல் சொன்னால் போதும், லாரி வரும், மாலை போடுவார்கள், இவருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும், குழி விழாத காலாகும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன மறுநாள் எட்வினுடைய மேசை கதவுக்கு வெளியே. அப்புறம் அவன் எங்கே? எந்த மேலான இடத்தில்? வினோலியா வயிற்றில் இருக்கிற பிள்ளை அப்பனை எங்கே போய்த் தேடும்? ஒரு தட்டில் இவர் கால், இன்னொரு தட்டில் பிள்ளை. எந்தத் தாயிடமாவது போய் இதைக் கேட்பார்களா?

டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்று.

அதனால்தான் நான் ஒன்று யோசித்தேன். குறை சொன்னால்தானே குற்றம்? காபி கொடுப்பது குற்றமில்லையே. உங்களுக்கு விதி, கொடுத்ததைக் குடிக்க வேண்டும். எனக்கு விதி, இருப்பதைக் கொடுக்க வேண்டும். கிணற்றில் இறைத்த தண்ணீரில் போட்டுவிட்டேன், சர்க்கரை போடவில்லை, பாலும் கம்மி. நீங்கள் குடிப்பீர்கள், உங்கள் முகம் சுளிக்கும், நீங்களாகவே போய்ச் சொல்வீர்கள். அந்தக் குறை உங்களுடையது, என்னுடையது இல்லை. குழாய் வரும். இவர் பிழைப்பார். எட்வின் ஜன்னல் ஓரத்தில் உட்காருவான். தெருவில் எல்லாப் பெண்களும் இன்று இதே காபியைத்தான் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். யாரும் யாரோடும் பேசவில்லை, ஆனாலும் தெரியும். காலையிலிருந்து ஒருத்தியும் இன்னாசி கடையில் சர்க்கரை வாங்கவில்லை.

இதையெல்லாம் நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய். மதர் யூஜினி அந்தக் காலத்திலேயே சொன்னார், எமல்டா, உன் வாயைத் தைத்துத்தான் உன்னைப் பரலோகத்தில் சேர்ப்பார்கள் என்று. குடியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். குடித்துவிட்டு என்னைப் பாருங்கள்.

அப்படித்தான். அப்படியே குடியுங்கள்.

முழுதும் குடித்துவிட்டீர்கள்.

என்ன இது? முகத்தில் ஒன்றையும் காணோமே. உதட்டைக்கூடச் சுளிக்கவில்லை. நடிக்கிறீர்களா? அதற்கும் பயிற்சி உண்டா உங்களுக்கு? பாருங்கள், நான் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறேன். இன்னாசி பார்க்கிறார். எப்படி இருந்தது காபி? சொல்லுங்கள்.

என்ன சொன்னீர்கள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"எங்க வீட்டுக் காபி மாதிரியே இருக்கும்மா."

உங்கள் வீட்டுக் காபி. உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

குருசுமேட்டிலா.

அடுக்குமாடியா. பெர்னதெத் டீச்சர் இருக்கிற அதே கட்டடமா. அவள் உங்களுக்கு மேல்மாடியா.

அங்கே அணைத் தண்ணீர் இல்லையா? குழாயில் வருகிறது என்றார்களே. வருகிறது, சரி. எங்கிருந்து வருகிறது? இந்த ஊர்க் கிணறுகளிலிருந்தா? அணைத் தண்ணீர் எங்கே போகிறது? வேண்டாம், சொல்ல வேண்டாம். நீரூற்று. பாட்டுக்கு ஆடுகிறதே. அந்தக் குழந்தை குடித்ததே.

எழுந்திருக்காதீர்கள். உங்கள் காலைக் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள், எனக்கும் உங்கள் வயசில் மகன் இருக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எவ்வளவு நேரமாகிறது, நான் பேசின பேச்சுக்கு ஒரு பூசையே முடிந்திருக்கும். வார் பதிந்தது பதிந்தபடியே இருக்கிறது. இப்படி நீட்டுங்கள், நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். ஒரே ஒரு விரல். வலிக்காது.

மாதாவே.

மாவில் வைத்த மாதிரி.

எத்தனை மாதமாக இப்படி, பிள்ளை? உன் அம்மாவுக்கும் உண்டா? டீச்சருக்கு? அதற்குத்தானா அந்த ரப்பர் செருப்பு, அதற்குத்தானா? நான் அவளோடு பேசாமல் வந்துவிட்டேனே. உன்னை இந்த வீங்கின காலோடு வெயிலில் வீடு வீடாக அனுப்பி, குசலமா குசலமா என்று கேட்கச் சொல்லி, உன்னை யார் கேட்டார்கள்? யாராவது வந்து உன் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்களா?

இல்லையா. அழாதே. அழுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வரும் என்றுதான் நினைத்தேன். சத்தம் வராமல் அழு. இன்னாசி பேப்பரை மடித்துவிட்டார், பார். எழுந்து நிற்கிறார்.

நீ அப்படியே உட்கார். நான் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்.